கிரானைட் மேடை, ரேடான்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தண்டையார்பேட்டையில் தரைத்தள வீடு. சமையல் மேடைக்குச் சிவப்பு கிரானைட் பார்த்து, முன்பணமும் கொடுத்தாச்சு. இப்போது போய் நாத்தனார், "அதிலிருந்து ரேடான் வருமாம் அண்ணி, நுரையீரலுக்கு ஆகாதாம்" என்கிறாள்.

படித்துப் பார்த்தேன். கல்லிலும் மண்ணிலும் இருக்கும் துளி யுரேனியம் சிதைந்து வருகிற வாயுவாம் இது. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. வீட்டுக்குள் சேர்வதில் பெரும்பங்கு அடிமண்ணிலிருந்துதான், மேடைக் கல்லின் பங்கு பொதுவாகச் சொற்பம். கருப்புக் கல்லைவிடச் சிவப்பில் யுரேனியம் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். வீட்டுக்குள் இதைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, ஒரு கன மீட்டர் காற்றில் 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு).

சரி, கல்லை விடுங்கள். எங்கள் சமையலறைக்கு ஒரே ஜன்னல். கொசுவுக்கும் கன்டெய்னர் லாரிப் புழுதிக்கும் பயந்து அதையும் சாத்தியே வைத்திருக்கிறோம். மண்ணிலிருந்து வரும் வாயு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சேருமோ என்பதுதான் உறுத்துகிறது.

சென்னையில் யாராவது வீட்டில் ரேடான் அளந்திருக்கிறீர்களா? யாரிடம் கேட்க வேண்டும்? சில நாள் வைத்துப் பார்க்கிற கருவி போதுமா, மூன்று மாதம் வைப்பதுதான் நம்பகமா? அப்புறம், ஜன்னலைச் சாத்திக்கொண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டினால் தரை விரிசல் வழியாக மண்ணின் வாயுவை உள்ளே இழுக்கும் என்கிறார்களே, அனுபவம் உண்டா?

கல்காரர் வெள்ளிக்கிழமை வெட்ட ஆரம்பிக்கிறார். அதற்குள் சொன்னால் பெரிய உதவி.