மறு: செராமிக் கலை: பீங்கானா, வனைகலையா, சுடுமண்ணா?

வணக்கம்.

‘நான் யார்’ என்று மண்ணில் தேடும் கலையைப் பற்றிய நம் கலைச்சொல் பட்டியலில் செராமிக் கலை, ஐடென்டிட்டி, கிளேஸ் ஆகியவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இழை நீண்டுகொண்டே போவதால், மூன்று சொற்களைப் பற்றியும் ஒரே மடலில் எழுதிவிடுகிறேன்.

> பீங்கான் கலை என்றால் எல்லாருக்கும் புரிந்துவிடுமே?

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். கயோலின் என்ற வெள்ளை மண் கலந்த வெண்களியை 1,300 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில் சுட்டால்தான் பீங்கான். பேச்சில் எல்லாவற்றையும் பீங்கான் என்கிறோம், அது வேறு கதை. பூச்சே இல்லாத ஒரு செம்மண் முகத்தின் கீழ் ‘பீங்கான்’ என்று எழுதி வைத்தால் பார்ப்பவர் சிரிப்பார்.

> வனைதல் பழைய சொல், அழகான சொல். வனைகலை என்போம்.

அழகுதான். புறநானூறு 256இல் கணவனை இழந்தவள், தனக்கும் சேர்த்து ஈமத்தாழியை ‘அகலிது ஆக வனைமோ’ என்று கலம் செய்பவரிடம் கேட்கிறாள். (அவ்வளவு பெரிய தாழியைச் சக்கரத்தில் மட்டும் எழுப்ப முடியாது என்று யாராவது எழுதுவீர்கள். சரி, எப்படிச் செய்தாலும் அது கலம்தானே.) சிக்கல் அங்கேதான். வனைதல் என்றதும் மனம் பாண்டத்துக்குப் போய்விடுகிறது. ‘நான் யார்’ என்று மண்ணில் கேட்பவர்கள் எல்லாரும் பாண்டம் செய்வதில்லை. அமெரிக்கச் சிற்பி ராபர்ட் ஆர்னசன் 1982இல் செய்த தன்னுருவச் சிலையில், கறுப்புக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால் தலைக்குள் வெறும் காலிதான்! 2003இல் பிரிட்டனின் டர்னர் கலைப் பரிசு பெற்ற கிரேசன் பெர்ரி சாடிதான் செய்கிறார். ஆனால் மண் திரிகளை அடுக்கி எழுப்பி, அதன்மேல் தன் பெண்வேட உருவத்தையும் சிறுவயதுக் கரடிப் பொம்மையையும் கீறி வைக்கிறார்.

என் ஓட்டு சுடுமண் கலைக்கு. டெரகோட்டாவுக்கு (பூச்சில்லாத செம்மண் வேலைக்கு) அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டதே என்பது நியாயமான மறுப்பு. டெரகோட்டாவைச் செஞ்சுடுமண் என்றும் மிகுந்த சூட்டில் கல்போல் இறுகும் ஸ்டோன்வேரைக் கற்சுடுமண் என்றும் பிரித்துக்கொள்ளலாம். பீங்கான் அப்படியே இருக்கட்டும்.

கையால் எழுப்பினாலும் அச்சில் வார்த்தாலும் எல்லாவற்றுக்கும் பொது, சூளைதான். காய்ந்த களிமண்ணை எப்போது வேண்டுமானாலும் நீரில் கரைத்து மறுபடி பிசையலாம். சுமார் 600 பாகையைத் தாண்டி வெந்துவிட்டால் முடியாது. பிசைந்தவரின் ரேகை அதில் பதிந்திருந்தால், அதுவும் அப்படியே நிலைத்துவிடும். ஆனால் அதே அளவில் இல்லை. காயும்போதும் வேகும்போதும் மண் சுருங்குகிறது. கற்சுடுமண் என்றால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. செய்தவரே மறுபடி விரலை வைத்துப் பார்த்தாலும் அவருடைய ரேகை அவருக்குப் பொருந்தாது. பழைய பானைகளில் உள்ள ரேகையை வைத்து வனைந்தவரின் வயதைக் கணிக்கும் தொல்லியலாளர்கள், இந்தச் சுருக்கத்தைக் கணக்கில் சேர்த்துத்தான் அளக்கிறார்கள். இதனால்தான் ஐடென்டிட்டிக்கு ‘தன்னடையாளம்’, ‘தான்மை’ என்றெல்லாம் போகாமல் வெறும் ‘அடையாளம்’ போதும் என்கிறேன். உடலில் உள்ள குறி, ஆளின் தன்மை என்று இரண்டையும் அந்தச் சொல் ஏற்கெனவே சுமக்கிறது.

> கிளேஸ் = மெருகு

இதை மட்டும் ஏற்கவே முடியாது. நைரோபியில் பிறந்த மக்டலின் ஒடுண்டோ, இடுப்பும் கழுத்துமாக மனித உடலை நினைவூட்டும் கலன்களைச் செய்கிறார். அவற்றில் கிளேஸ் கிடையாது. மண்குழம்பு பூசித் தேய்த்துத் தேய்த்துத்தான் அந்த மினுமினுப்பு வருகிறது. முதல் சூட்டில் செம்மஞ்சள், புகையடைத்த இரண்டாம் சூட்டில் கருமை. மெருகு என்றால் அந்தத் தேய்ப்புத்தான். கிளேஸ் என்பது உருகி ஒட்டிய கண்ணாடிப் படலம். ‘கண்ணாடிப்பூச்சு’ கொஞ்சம் நீளம், ஆனால் தப்பில்லை. இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், பட்டியலில் மாற்றிவிடலாம். கலத்தின்மேல் பூசும் ஸ்லிப்புக்கு ‘மண்குழம்பு’ என்றே வைத்திருக்கிறேன், மறுப்பு உண்டா?