எங்கள் குடும்பக் குழுவில் காம்யு

திவ்யா (இரவு 8.14)
மீனா அத்தை, வெள்ளிக்கிழமை வகுப்பில் அபத்தவாதம் பற்றி நான் பேச வேண்டும். பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு எழுதி வெ. ஸ்ரீராம் மொழிபெயர்த்த 'அந்நியன்' நாவலை நேற்று முடித்தேன். அம்மாவின் சாவுக்கு அழாத மெர்சோ, வெயில் தாங்காமல் ஒரு மனிதனைச் சுட்டுக் கொல்கிறான். நீதிமன்றமோ கொலையை விட்டுவிட்டு அவன் அழாததையே பிடித்துக்கொள்கிறது. படித்து முடித்ததும் மனம் வெறுமையாகிவிட்டது. இப்போது, ஒரு பாறையை ஓயாமல் மலையேற்றும்படி தண்டிக்கப்பட்ட கிரேக்கப் புராண மனிதன் சிசிபஸ் பற்றி அவர் எழுதிய நூலை எடுத்தால், முதல் வரியே தற்கொலையைப் பற்றியதாக இருக்கிறது. எதற்கும் பொருள் இல்லை என்பதுதான் காம்யு சொல்ல வருவதா?

அம்மா (8.16)
திவ்யா, இது என்ன படிப்பு? படிக்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆசிரியையிடம் சொல்லி வேறு தலைப்பு வாங்கிக்கொள்ளேன்.

மீனா அத்தை (8.21)
லலிதா, பயப்படாதே. வாழத்தான் வேண்டும் என்று நிறுவுவதற்காக எழுதப்பட்ட நூல் அது. அந்தக் கேள்வியை ஒளித்துவைக்காமல் முதலிலேயே எடுத்து வைக்கிறார், கடைசிவரை வாதாடி 'கூடாது' என்று முடிக்கிறார். 17 வயதில் காசநோய் வந்து சாவைப் பக்கத்தில் பார்த்தவர் காம்யு. உயிரின் அருமை தெரியாதவர் எழுதியதல்ல அது.

மீனா அத்தை (8.25)
திவ்யா, அபத்தம் உலகத்திலும் இல்லை, மனிதனிடமும் இல்லை என்கிறார். நாம் காரணம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம், உலகம் வாய் திறப்பதில்லை. இந்த இரண்டும் மோதும் இடத்தில்தான் அபத்தம் பிறக்கிறது. உயிரை விட்டுவிட்டால் கேட்பவன் இல்லை. ஏதோ ஒரு பதிலைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொண்டால் கேள்வி இல்லை. இரண்டையும் மறுத்து, கேள்வியோடேயே வாழ்வதை அவர் கிளர்ச்சி என்கிறார்.

கார்த்திக் அண்ணா (8.27)
பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தரும் இதைத்தானே சொல்கிறார் அத்தை? எங்கள் வகுப்பில் இருவரையும் சேர்த்தே நடத்தினார்கள்.

மீனா அத்தை (8.31)
சார்த்தரின் 1938 நாவலில் ஒருவன் பூங்காவில் மரத்தின் வேரைப் பார்த்துக் குமட்டலில் திணறுகிறான். எந்தக் காரணமும் இல்லாமல் பொருள்கள் அங்கே இருக்கின்றன என்பது அவனைத் தாக்குகிறது. அங்கிருந்து சார்த்தர் மனிதனின் சுதந்திரத்துக்குப் போகிறார். காம்யுவோ தான் சார்த்தரைப் போன்ற இருத்தலியவாதி அல்ல என்று 1945-இல் பேட்டியிலேயே சொல்லிவிட்டார். தேர்வுக்கு இவ்வளவு போதும்.

மீனா அத்தை (8.36)
திவ்யாவுக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. 'அந்நியன்' நாவலோடு நின்றுவிடாதே. அதுவும் சிசிபஸ் நூலும் 1942-இல் வந்தவை. இரண்டிலும் மனிதன் தனியாள். பிறகு நாஜிகள் பிடித்துவைத்திருந்த பிரான்சில் காம்யு ஒரு தலைமறைவுப் பத்திரிகையில் வேலை செய்தார். 1947-இல் 'கொள்ளைநோய்' வெளிவந்தது. அல்ஜீரியாவின் ஓரான் நகரில் எலிகள் செத்து விழுகின்றன, நகரத்தின் வாயில்களை மூடிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் தனியாள் என்று யாரும் இல்லை. பொருள் எங்கே என்று தேடுகிறவர்கள் அந்த ஊருக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

பெரியப்பா (8.44)
காரணீஸ்வரர் கோயிலில் பிரதோஷம் முடிந்து இப்போதுதான் வந்தேன், எல்லாவற்றையும் படித்தேன். மீனா, எனக்கு ஒன்று விளங்கவில்லை. மேலே ஒருவன் இல்லை, எதற்கும் காரணமும் இல்லை என்று ஆகிவிட்டால், நல்லது செய் என்று ஒருவனை எது கட்டாயப்படுத்தும்?

மீனா அத்தை (8.58)
அண்ணா, 'கொள்ளைநோய்' நாவலில் ஒரு சிறுவன் சாகிறான், நீதிபதியின் மகன். புதிதாகச் செய்த சீரத்தை ஏற்றிப் பார்க்கிறார்கள். அது அவனைக் காப்பாற்றவில்லை, வேதனையைத்தான் நீட்டிக்கிறது. கட்டிலைச் சுற்றி மருத்துவர் ரியேயும் பாதிரியார் பனலூவும் மற்றவர்களும் நிற்கிறார்கள். இந்த நோய் உங்கள் பாவத்துக்குத் தண்டனை என்று முன்பு மேடையேறிப் பேசியவர் அந்தப் பாதிரியார். இப்போது மண்டியிட்டு, இந்தக் குழந்தையைக் காப்பாற்று இறைவா என்று கெஞ்சுகிறார். குழந்தை பிழைக்கவில்லை. இவனாவது பாவம் செய்யாதவன் என்று ரியே அவரிடம் சீறுகிறார்.

குழந்தைகள் வார்டில் இரவுப் பணி பார்த்தவள் நான். ஒரு கட்டிலில் துணியைப் போர்த்தி, தாயை வெளியே அழைத்துப் போய் உட்காரவைத்துவிட்டு வந்தால், அடுத்த கட்டிலில் ஆறு மணி ஊசிக்கு நேரமாகியிருக்கும். பலமுறை குத்திக் குத்திக் கை வீங்கிப்போயிருக்கும், நரம்பு கிடைக்காது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அந்தக் கையில் சுற்றி, கொஞ்ச நேரம் பொறுத்திருந்து, விரல் நுனியால் தடவித் தடவித் தேட வேண்டும். அப்போது என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை அண்ணா. அந்தக் கை போதுமானதாக இருந்தது.

அம்மா (9.03)
அக்கா, இதையெல்லாம் நீங்கள் ஒரு நாளும் எங்களிடம் சொன்னதில்லையே.

திவ்யா (9.05)
அதற்குப் பிறகு இருவரும் பிரிந்துவிடுகிறார்களா அத்தை?

மீனா அத்தை (9.10)
இல்லை. நமக்குப் புரியாததையும் நேசிக்க வேண்டுமோ என்னவோ என்கிறார் பாதிரியார். குழந்தைகள் வதைபடும் படைப்பைச் சாகும்வரை நேசிக்க மாட்டேன் என்கிறார் ரியே. இருவரும் அவரவர் இடத்திலிருந்து அசையவில்லை. ஆனால் ரியே அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போது கடவுளால்கூட நம்மைப் பிரிக்க முடியாது என்கிறார். பாதிரியாரும் நோயை எதிர்த்து வேலை செய்த தொண்டர் படையில் இருந்தவர்தான். அடுத்த பிரசங்கத்தில் அவர் யாரையும் குற்றம் சாட்டவில்லை, மக்களில் ஒருவராக நின்று பேசுகிறார்.

கார்த்திக் அண்ணா (9.13)
2015 டிசம்பரில் அடையாறு பெருகிச் சைதாப்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தபோது, அப்பாவும் கோயில் ஆட்களும் சாம்பார் சாதம் கிளறினார்கள். பொட்டலங்களை வாங்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போனவர்களில் பாதிப் பேர் கடவுள் மறுப்புக் கூட்டம் நடத்துகிறவர்கள். இரண்டு தரப்பும் ஒரே திண்ணையில் படுத்து உறங்கியதை நான் பார்த்தேன்.

பெரியப்பா (9.24)
உண்மைதான். ஆனால் அன்று எனக்கு வலிமை கொடுத்தவன் ஈசன், அதை நான் விட்டுத்தர மாட்டேன்.

மீனா சொன்னதைக் கேட்டதும், பணிக்காலம் முழுவதும் நான் வகுப்பில் நடத்திய புறநானூறு 194 நினைவுக்கு வந்தது. பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. கணவனோடு கூடியவள் பூச்சூடுகிறாள், பிரிந்தவள் கண்ணீர் வடிக்கிறாள். 'படைத்தோன் மன்ற, அப் பண்பி லாளன்' என்று படைத்தவனையே ஏசுகிறார் புலவர். அடுத்து, 'இன்னாது அம்ம, இவ்வுலகம்; இனிய காண்க, இதன் இயல்புணர்ந் தோரே'. கட்டிலருகே அந்த மருத்துவர் பட்ட கோபத்தை இவர் அன்றே பட்டிருக்கிறார்.

திவ்யா (9.29)
பெரியப்பா, புலவர் காரணம் எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லையே! உலகம் கொடியது என்பதை மறைக்காமலே இனியதைப் பார்க்கச் சொல்கிறார். பாறை மறுபடி உருண்டுவிடும் என்று தெரிந்தே மலையிறங்கும் சிசிபஸிடம் காம்யு பார்த்ததும் இதுதானே?

மீனா அத்தை (9.32)
அதேதான். இதை அப்படியே வகுப்பில் சொல்.

பெரியப்பா (9.36)
அவசரப்படாதே திவ்யா. ஏசுவதற்கு எதிரில் ஒருவன் வேண்டும். புலவர் படைத்தவனை ஏசுகிறாரே தவிர, இல்லை என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தையும் சொன்னால்தான் நேர்மை.

திவ்யா (9.38)
கட்டாயம் சொல்கிறேன் பெரியப்பா. மெர்சோவில் தொடங்கி, சிறுவனின் கட்டிலுக்கு வந்து, அங்கே 194-ஐ வைக்கிறேன். இரண்டு தரப்பையும் சொல்கிறேன்.

அம்மா (9.40)
அந்தப் பாதிரியார் கடைசியில் என்ன ஆனார் அக்கா?

மீனா அத்தை (9.47)
நோயில் விழுந்தார் லலிதா. மருத்துவரைக் கூப்பிடச் சம்மதிக்கவில்லை. கையில் சிலுவையைப் பிடித்தபடியே இறந்துபோனார். கொள்ளைநோய்தானா என்று உறுதி செய்ய முடியவில்லை, அவருடைய அட்டையில் 'ஐயத்துக்குரியது' என்று எழுதிவைக்கிறார்கள். காம்யுவுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்தப் பாதிரியாரை எந்த இடத்திலும் தாழ்த்தவில்லை, அந்த மரணத்துக்குத் தன் கருத்தை விளக்கமாக ஏற்றவும் இல்லை. ஒருமுறை பாரிஸில் டொமினிக்கன் என்னும் கத்தோலிக்கத் துறவியர் காம்யுவைப் பேச அழைத்தார்கள். உங்கள் நம்பிக்கையை மாற்ற நான் வரவில்லை என்று சொல்லிவிட்டு, குழந்தைகள் வதைபடுவதைக் குறைக்க நீங்கள் உதவாவிட்டால் வேறு யார் உதவுவார்கள் என்றுதான் அவர்களிடம் கேட்டார்.

பெரியப்பா (9.55)
மீனா, ஞாயிற்றுக்கிழமை கார்த்திக் உன் வீட்டுப் பக்கம் வருவான், புத்தகத்தைக் கொடுத்தனுப்பு. பாதிரியாரின் இரண்டாவது பிரசங்கத்தை நானே படிக்க வேண்டும். படித்துவிட்டு உன்னோடு வாதாடுகிறேன்.

அம்மா (9.56)
அவர் படித்த பிறகு எனக்கு வேண்டும் அக்கா.