மறுமொழி: ஃப்யூயல் செல்லுக்குத் தமிழ்ச்சொல் (ஹாட் ராட் கட்டுரைக்காக)

நண்பர்களே, வணக்கம்.

ஹாட் ராட்களின், அதாவது வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார்களின், பெட்ரோல் தொட்டிப் பாதுகாப்பு பற்றிய கட்டுரைக்குச் சொற்பட்டியல் போடுகிறோம். அதில் ஃப்யூயல் செல்லுக்கும், வெவ்வேறு இடங்களில் இருக்கும் தொட்டிகளுக்கும் என்ன பெயர் வைப்பது என்ற இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. ஆளுக்கொரு பொருளை மனதில் வைத்துக்கொண்டு ஒரே சொல்லுக்கு அடித்துக்கொள்கிறோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> எரிபொருள் கலம் என்றே இருக்கட்டுமே, நேரடியாக இருக்கிறது.

அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வீட்டுக்கு வாக்கப்பட்டுவிட்டது ஐயா. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கிற கருவியைத்தான் எரிபொருள் கலம், எரிபொருள் மின்கலம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். ஹாட் ராட்காரர்கள் சொல்லும் ஃப்யூயல் செல் பெட்ரோலைப் பத்திரமாக வைத்திருக்கிற ஒரு தொட்டி, அவ்வளவுதான். வெளியே உலோகப் பெட்டி, அதற்குள் ரப்பர் ஏற்றிய கெட்டித் துணியாலான பை, பைக்குள் நுரைப்பஞ்சு. மோதலில் பெட்டி நசுங்கினாலும் பை வளைந்து கொடுக்கும். பஞ்சு, பெட்ரோல் தளும்புவதைக் குறைக்கும். நிறைகுடம் தளும்பாது என்பது இங்கேயும் சரிதான், அரைத்தொட்டியில்தான் சிக்கலே.

பந்தயக் கார்களில் இந்தப் பை பரவியதற்குப் பின்னால் ஒரு கோரம் இருக்கிறது. அமெரிக்காவின் 1964 இண்டியானாபொலிஸ் 500 கார் பந்தயத்தின் இரண்டாம் சுற்றில் டேவ் மெக்டொனால்டின் கார் சுவரில் மோதித் தீப்பிடித்துத் தடத்தின் குறுக்கே வந்தது, எட்டி சாக்ஸ் அதில் வந்து இடித்தார், இருவருமே இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் விமானங்களில் முன்பே இருந்த ரப்பர் பை நுட்பத்தைப் பந்தயக்காரர்கள் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள்.

சரி, தொட்டி எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். கட்டுரையின் பாதிச் சொற்கள் அங்கேதான் வேண்டியிருக்கின்றன.

ஃபோர்டு மாடல் டி காரில் (1908 முதல் 1927 வரை வந்தது) பெரும்பாலும் முன் இருக்கைக்கு அடியில்தான் தொட்டி. பெட்ரோல் போட வேண்டுமென்றால் இருக்கை மெத்தையைத் தூக்க வேண்டும், எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று ஒரு குச்சியை விட்டு அளந்து பார்ப்பார்கள். பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாக இறங்கித்தான் கார்புரேட்டருக்குப் போக வேண்டும். அதனால் தொட்டியில் கொஞ்சமாக இருக்கும்போது செங்குத்தான மேடு வந்தால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றுவார்களாம். இதற்கு இருக்கையடித் தொட்டி என்று முன்பே ஒருவர் சொன்னது பொருத்தம், யாருக்கும் ஆட்சேபணை இருக்காது என்று நினைக்கிறேன்.

அடுத்து மாடல் ஏ, 1928 முதல் 1931 வரை. இதில்தான் தகராறு. இருக்கையிலிருந்த தொட்டியை எடுத்து, பானெட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிற பகுதியில் வைத்துவிட்டார்கள். வெளியே நாம் பார்க்கும் அந்தத் தகடேதான் தொட்டியின் மேல்பாகம். மூடி கண்ணாடிக்கு முன்னால் இருக்கும், தொட்டி உட்கார்ந்திருப்பவர்களின் முழங்காலுக்கு மேலே தொங்கும். 10 கேலன், அதாவது ஏறத்தாழ 38 லிட்டர் பெட்ரோல், ஓட்டுபவருக்கும் எஞ்சினுக்கும் நடுவில்! அளவுகாட்டிகூடத் தனியாக இல்லை. தொட்டியிலேயே ஓட்டை போட்டு மிதவையைப் பொருத்தி, அதோடு சேர்ந்து அசைகிற இலக்கத்தை டேஷ்போர்டில் ஒரு சின்னக் கண்ணாடி வழியாகப் படிக்க வேண்டும். அந்தக் கண்ணாடியைச் சுற்றியுள்ள கார்க் வளையம் காய்ந்துபோனால் பெட்ரோல் கசிந்து டேஷ்போர்டு வழியாக இறங்கும். பழைய மாடல் ஏ வைத்திருப்பவர்கள் அலுத்துக்கொள்கிற விஷயங்களில் இதுவும் ஒன்று.

இதற்குப் பட்டியலில் முன்தொட்டி என்று போட்டிருந்தார்கள். வேண்டாம். கிரில்லுக்கும் முன்னால், வண்டியின் அடிச்சட்டத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவே, உருண்டையான அலுமினியத் தொட்டியை மாட்டுகிற வழக்கம் ஹாட் ராட்களில் உண்டு. கலிஃபோர்னியாவின் டீன் மூன் செய்து விற்றதால் மூன் தொட்டி என்றே அதற்குப் பெயர். உண்மையான முன்தொட்டி அதுதான். மாடல் ஏ தொட்டிக்கு மடிமேல் தொட்டி என்று வைக்கலாமே? கேட்டவுடனே எங்கே இருக்கிறது, கசிந்தால் எங்கே விழும் என்று இரண்டும் புரிந்துவிடும். கட்டுரையில் வேண்டியதும் அதுதான்.

1932 ஃபோர்டில் பம்ப் வந்தது, தொட்டி வண்டியின் வாலுக்குப் போனது. சட்டத்தின் பின்முனையில், வெளியே தெரிகிற மாதிரியே, 14 கேலன். அந்தத் தோற்றம் ஹாட் ராட்காரர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போய், 32-இன் தொட்டியைக் கொண்டுவந்து மாடல் ஏ பின்னால் மாட்டுவார்கள். மடியிலிருந்து பெட்ரோல் போய்விட்டது, நல்ல விஷயம். ஆனால் பின்னாலிருந்து எவனாவது இடித்தால் முதல் அடி அதற்குத்தான், நடுவில் உருப்படியான பம்பர்கூட இருக்காது. இதற்கு வால்தொட்டி என்றே என் ஓட்டு. பின்புறத் தொட்டி என்றால் டிக்கிக்குள் இருப்பதையும் சேர்த்துக் குழப்பும்.

டிக்கியில் வைப்பது தனிக்கதை. வண்டியைத் தாழ்த்துவதற்காகப் பின்சட்டத்தை வெட்டி உயர்த்தினால் பழைய இடத்தில் தொட்டிக்கு இடமிருக்காது, தூக்கி டிக்கிக்குள் வைத்துவிடுவார்கள். அப்போது ஓட்டுபவரின் முதுகுக்கும் பெட்ரோலுக்கும் நடுவில் பல வண்டிகளில் இருக்கையின் அட்டை மட்டும்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழேயே தங்கும், பேட்டரியும் அதே டிக்கியில் இருந்தால் ஒரு பொறி போதும். அதனால்தான் அமெரிக்காவில் டிராக் (drag) பந்தயங்களை, அதாவது குறுகிய நேர்த்தடப் பந்தயங்களை, நடத்தும் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ., தொட்டிக்கும் ஓட்டுபவருக்கும் இடையே உலோகத் தடுப்பு வேண்டும், காற்றுக்குழாய் வெளியே திறக்க வேண்டும் என்கிறது. அந்தத் தடுப்பைத் தீச்சுவர் என்று எழுதாதீர்கள், கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டாயிற்று, தவிர அது சுவரும் இல்லை. தீத்தடுப்புத் தகடு போதும்.

இலங்கை நண்பர் தாங்கி என்றுதான் எழுதுவேன் என்கிறார். திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகள் அங்கே எல்லோர் வாயிலும் இருக்கிற சொல், தவறென்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்குத் தாங்கி என்றால் சுமைதாங்கி, இடிதாங்கிதான் நினைவுக்கு வரும். இந்தக் கட்டுரையில் தொட்டியைப் பிடித்திருக்கும் பட்டை, கொக்கி எல்லாம் வருகின்றன. "தாங்கியின் தாங்கி உடைந்தது" என்று எழுத நேர்ந்தால் என்ன செய்வது? அடிக்குறிப்பில் இலங்கை வழக்கைக் கொடுத்துவிடலாம்.

இப்போது அசல் கேள்வி, ஃப்யூயல் செல்லுக்கு என்ன பெயர்? வந்த பரிந்துரைகளில் சிந்தாத்தொட்டி, கிழியாக்கலன் இரண்டும் கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் இரண்டும் பொருளின் மேல் சத்தியம் செய்கின்றன. பை கிழியலாம், குழாய் பிடுங்கிக்கொண்டு வரலாம், பழைய நுரைப்பஞ்சு பொடிந்து வடிகட்டியை அடைக்கலாம். பாதுகாப்பைப் பற்றி எழுதுகிற கட்டுரையில் இப்படி ஒரு பெயரைப் படித்துவிட்டு ஒருவர் நிம்மதியாகத் தூங்கக் கூடாது. உறைதொட்டி என்றால் ஐஸ் பெட்டி மாதிரி இருக்கிறது. அகப்பைத் தொட்டி என்று எழுதிய நண்பர் மன்னிக்க வேண்டும், குழம்புதான் ஞாபகம் வந்தது. பைத்தொட்டி எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் வேகமாகப் படித்தால் பைக் தொட்டி ஆகிவிடுகிறது, அதுவும் வண்டிகளைப் பற்றிய கட்டுரையில்.

ஆகவே உட்பைத்தொட்டி. பையை மட்டும் சொல்ல உட்பை. இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஃப்யூயல் செல் என்ற பெயரில் மலிவாக விற்பவற்றில் பல, வெறும் பிளாஸ்டிக் அல்லது அலுமினியப் பெட்டிதான், உள்ளே பஞ்சு இருக்கும், பை இருக்காது. ஆங்கிலப் பெயரை வைத்துக்கொண்டு அதையும் அதே வரிசையில் விற்றுவிடுகிறார்கள். தமிழில் உட்பை இல்லாததை உட்பைத்தொட்டி என்று சொல்லவே முடியாது. அவற்றுக்குப் பஞ்சுத்தொட்டி என்று தனியாக வைத்தால், வாங்கப் போகிறவருக்கு எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதாவது தெரியும்.

அப்புறம், தொட்டியின் காற்றுக்குழாயில் இருக்கிற அந்தச் சின்ன வால்வு இன்னும் பாக்கி. கவிழ்தடை வால்வு என்று பட்டியலில் ஏறியிருக்கிறது. அது வண்டி கவிழ்வதைத் தடுக்காதே! கவிழ்ந்த பிறகு பெட்ரோல் வெளியே வராமல் அடைக்கும், அவ்வளவுதான். கவிழடைப்பான் எப்படி? எனக்கே முழுத் திருப்தி இல்லை, இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று பட்டியலை அனுப்பியாக வேண்டும்.