புதுப்பிப்பு: ட்ரிக்கரிலிருந்து வெளி ஏபிஐயை அழைப்பது

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் தரவு மாறும்போது தானாக இயங்கும் ட்ரிக்கருக்குள்ளிருந்தே வெளி ஏபிஐ (வேறொரு சேவையின் நிரல் இடைமுகம்) ஒன்றை அழைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அழைக்க முடிகிறது, ஆயினும் அந்த வழியைக் கைவிட்டுவிட்டோம். போஸ்ட்கிரெஸிலிருந்து இணையக் கோரிக்கை அனுப்ப உதவும் எச்டிடிபி நீட்சி பதில் வரும்வரை காத்திருப்பதால், எதிர்முனைச் சேவை தாமதித்தால் பரிவர்த்தனையும் (ஒன்றாக நிறைவேறும் தரவுத்தள மாற்றங்களின் தொகுப்பு) அது பிடித்திருக்கும் லாக்குகளும் (தரவின் மீதான பூட்டுகள்) அப்படியே நிற்கின்றன. அதைவிடக் கவலைக்குரியது, பரிவர்த்தனை ரத்தாகி ரோல்பேக் ஆனாலும் வெளியே போய்விட்ட கோரிக்கையைத் திரும்பப் பெற முடியாது என்பதே.

இப்போது ட்ரிக்கர் அனுப்பவேண்டிய கோரிக்கைகளை வைத்திருக்கும் ஓர் அவுட்பாக்ஸ் அட்டவணையில் பதிவு ஒன்றைச் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. கமிட் ஆனவற்றை (உறுதியாகச் சேமிக்கப்பட்டவற்றை) மட்டும் பின்னணியில் ஓடும் தனி ஒர்க்கர் நிரல், ஏற்கெனவே பூட்டப்பட்ட பதிவுகளைத் தவிர்க்கும் ‘ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்டு’ கொண்டு எடுத்து அனுப்புகிறது. ஒர்க்கர் இடையில் நின்றுபோனால் அதே கோரிக்கை இருமுறை போகக்கூடும் என்பதால், பதிவின் அடையாள எண்ணைக் கோரிக்கையின் ஹெட்டரில் (தலைப்புத் தகவலில்) சேர்த்து அனுப்புகிறோம். எதிர்முனை அந்த எண்ணைச் சரிபார்த்து, ஏற்கெனவே வந்ததைத் தவிர்த்தால்தான் பலன் உண்டு.

பதிலுக்குக் காத்திருக்காமல் பின்னணியில் கோரிக்கை அனுப்பும் பிஜி_நெட் நீட்சியும் கமிட்டுக்குப் பிறகே அனுப்பும். தோல்வியுற்றதை மறுபடி அனுப்பும் பொறுப்பு மட்டும் நம்முடையது.