கவை விழுந்தால்தான் பூ: ஊமத்தை, மர ஊமத்தை வளர்ப்பு அனுபவப் பகிர்வு

ஏஞ்சல் ட்ரம்பெட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு செடிகள் கைமாறுகின்றன. வளர்ப்பு முறை இரண்டுக்கும் வேறு என்பதால், முதலில் பூவைப் பாருங்கள். பூ வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தால் அது ஊமத்தை, அதாவது டத்துரா. தலைகீழாகத் தொங்கினால் மர ஊமத்தை, அதாவது புருக்மான்சியா. பூ இல்லாத சமயத்தில் காய் காட்டிக்கொடுக்கும். ஊமத்தைக்காய் உருண்டையாக, முள்ளோ முண்டோ நிறைந்து, முற்றினால் வெடிக்கும். மர ஊமத்தைக்காய் முள்ளே இல்லாமல் நீண்டு, வெடிக்காமல் கிளையிலேயே தொங்கி வாடும். ஊமத்தை ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டரோடு நின்றுவிடும் மென்தண்டுச் செடி. மர ஊமத்தை கட்டை கட்டி 3 மீட்டருக்கு மேலும் போகும். 1805இலேயே புருக்மான்சியா தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டாலும், 1973 வரை பலர் அதை டத்துராவிலேயே சேர்த்து எழுதினார்கள். பழைய தோட்டக்கலை நூல்களில் டத்துரா சுவாவியோலென்ஸ் என்று வந்தால் அது மர ஊமத்தைதான்.

* * *

“இரண்டு வருடமாகிறது, ஆள் உயரம் வளர்ந்துவிட்டது, ஒரு மொட்டுகூட இல்லை.” மர ஊமத்தையைப் பற்றி அதிகம் வரும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் உரத்தை மாற்றிப் பார்க்கிறார்கள், இடத்தை மாற்றிப் பார்க்கிறார்கள். விடை கவையில் இருக்கிறது.

விதையிலிருந்து வந்த செடி முதலில் ஒற்றைத் தண்டாக நேரே ஏறும். ஓர் உயரத்துக்குப் போனதும் தண்டு இரண்டாகவோ மூன்றாகவோ பிரிந்து கவை விழும். மொட்டு அந்தக் கவையிலும் அதற்கு மேலேயும்தான் வரும். கவைக்குக் கீழே இருப்பது வளர்ச்சிப் பகுதி, மேலே இருப்பது பூக்கும் பகுதி. இந்த இரண்டையும் இலையை வைத்தே பிரித்தறியலாம். கீழ்ப்பகுதி இலையில், காம்பின் இருபுறமும் இலைப்பரப்பு ஒரே இடத்தில் தொடங்கும். மேல்பகுதி இலையில் ஒரு பக்கம் சற்று மேலேயும் மறுபக்கம் கீழேயுமாகக் கோணலாகத் தொடங்கும். ஓர் இலையைத் திருப்பிக் காம்படியைப் பார்த்தால் போதும், அந்தக் கிளை பூக்குமா என்று தெரிந்துவிடும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் கத்தரிப்பதுதான் பூ வராமல் போவதற்கு முக்கியக் காரணம். புதர்போல அடர்த்தியாக வரட்டும் என்று இளம் செடியின் நுனியைக் கிள்ளிவிடுவார்கள். பக்கத்தில் துளிர்ப்பவை எல்லாம் வளர்ச்சிக் கிளைகள், அவை ஒவ்வொன்றும் மறுபடி ஏறிக் கவை விழுந்தாக வேண்டும். ஆண்டுதோறும் தரைமட்டத்துக்கு வெட்டினாலும் இதே கதை. கவை விழும் வரை நுனியில் கை வைக்காதீர்கள். விழுந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கவாத்து செய்யலாம், ஆனால் கவைக்கு மேல் ஒவ்வொரு கிளையிலும் குறைந்தது 6 கணுக்களை விட்டுவிட்டு வெட்டுங்கள். அடியில் கிளம்பும் பக்கக் கன்றுகளை எடுத்துவிட்டால் செடி குட்டி மரமாக நிற்கும், பூக்கள் முகத்துக்கு நேரே தொங்கும்.

* * *

மேலே சொன்னது போத்து, அதாவது வேர்விட வைத்து நடும் தண்டுத் துண்டு, எடுப்பதற்கும் பொருந்தும். கவைக்கு மேலிருந்து எடுத்த போத்து, தான் பூக்கும் பகுதி என்பதை மறக்காது, குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடும். தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு அதுதான் ஏற்றது. கவைக்குக் கீழிருந்து எடுத்தது சீக்கிரம் வேர்விடும், பலமாக வளரும், ஆனால் மறுபடி உயர்ந்து கவை விழுந்த பிறகே பூக்கும். நிழல் மரமாக நிலத்தில் நட வேண்டுமானால் இதை எடுங்கள். யாரிடமாவது போத்து வாங்கும்போது எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது என்று கேட்டு வாங்குவது நல்லது.

பச்சை நுனியை எடுக்க வேண்டாம், அது அழுகும். பட்டை சாம்பலாக மாறத் தொடங்கிய, பென்சில் பருமனோ அதற்குச் சற்று மேலோ உள்ள தண்டில் 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு, 3 கணுக்களாவது இருக்கும்படி வெட்டுங்கள். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே, சாய்வாக. மேல்வெட்டு நேராக. இலைகள் உதிர்ந்த பிறகு எது தலை, எது கால் என்ற குழப்பம் வராமல் இருக்கவே இப்படி வெட்டுவது. பெரிய இலைகள் அனைத்தையும் நீக்கி, நுனியில் ஒரு சிறு இலையை மட்டும் விடுங்கள்.

தண்ணீரில் வைப்பதானால் 5 சென்டிமீட்டர் மூழ்கினால் போதும். இருண்ட நிறப் பாத்திரமாக இருந்தால் பாசி பிடிக்காது. 2 நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். முதலில் பட்டையில் வெள்ளை வெள்ளையாகச் சிறு புடைப்புகள் வரும். பூஞ்சை என்று பயந்து சுரண்டிவிடுகிறார்கள், வேர் கிளம்பப்போகும் இடங்கள் அவைதான். வேர் 2, 3 சென்டிமீட்டர் ஆனதும் மண்கலவைக்கு மாற்றிவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் தண்ணீரில் வளர்ந்த வேர் மண்ணுக்குப் பழக நாளாகும், ஒடியவும் செய்யும்.

* * *

தண்ணீரில் வேர்விடுவது சுலபம் என்பது உண்மைதான். ஆனால் வெப்பம் மிகுந்த நாட்களில் தண்ணீர் சூடாகி, போத்தின் அடி கொழகொழத்துப் போகிறது. அப்போது பாதி தேங்காய் நார்க்கழிவு, பாதி பெர்லைட் அல்லது ஆற்றுமணல் கலந்து, பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் விழும் ஈரத்தில் நடுவது பாதுகாப்பு. நேர் வெயில் படாத வெளிச்சத்தில் 2 முதல் 4 வாரத்தில் வேர் பிடித்துவிடும். துளிர் வந்ததை வைத்து வேர் வந்துவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். தண்டில் இருக்கும் சத்தைக் கொண்டே இரண்டு இலை விடும். லேசாக இழுத்துப் பார்த்து, பிடிப்பு தெரிந்த பிறகு தொட்டி மாற்றுங்கள்.

* * *

தொட்டியின் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். வேர்பிடித்த போத்துக்கு 5 லிட்டர், அது நிறைந்ததும் 20 லிட்டர், வளர்ந்த செடிக்கு 40 லிட்டராவது வேண்டும். வேர் அவ்வளவு வேகமாக நிரம்பும். கலவையில் தோட்டமண் 2 பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் 1 பங்கு, நார்க்கழிவு 1 பங்கு, மணலோ பெர்லைட்டோ அரைப்பங்கு. அடியில் துளை பெரிதாக இருக்கட்டும்.

மர ஊமத்தை பெருந்தீனிக்காரச் செடி. பூப்பது அலை அலையாக வரும், ஓர் அலை முடிந்ததும் அடுத்த அலைக்கான சத்தை அது உடனே தேடும். வளர்ச்சிக் காலம் முழுவதும், தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 20-20-20 கரையும் உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் கரைத்து வாரம் ஒருமுறை, மண் ஈரமாக இருக்கும்போது ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் உரநீர் ஊற்றினால் வேர் கருகும். யூரியாவும் புது எருவும் மட்டுமே கொடுத்தால் இலை முறம் அளவுக்கு விரியும், மொட்டு வராது. இலை ஓரம் பழுப்பாகக் காய்ந்துகொண்டே வந்தால் தொட்டியில் உப்பு சேர்ந்துவிட்டது என்று பொருள். மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப் போல 2 மடங்கு வெறும் தண்ணீர் விட்டு அடிவழியே வடியவிடுங்கள்.

* * *

தண்ணீர் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். உச்சிவெயிலில் இலைகள் துவண்டு தொங்குவதைப் பார்த்ததும் குடத்தைத் தூக்காதீர்கள். அகன்ற இலை இழக்கும் நீரின் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியாதபோது, மண் ஈரமாக இருந்தாலும் துவளும், சாயங்காலம் தானே நிமிரும். விரலை 5 சென்டிமீட்டர் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஈரமாக இருந்து, மறுநாள் காலையிலும் துவண்டே இருந்தால் அது வேரழுகல். தொட்டியிலிருந்து எடுத்து, பழுப்பான கொழகொழ வேர்களை வெட்டி, கிளைகளையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்து, புதுக்கலவையில் சிறிய தொட்டியில் நட்டால் பிழைக்க வாய்ப்புண்டு.

மொட்டு மஞ்சளாகி உதிர்வதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்: ஒரு நாள் முழுக்க மண் வறண்டது, மொட்டு வந்த பிறகு தொட்டியை இடம் மாற்றியது, இரவிலும் தணியாத வெப்பம். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடமே உத்தமம். காற்று வீசும் மூலையைத் தவிர்த்துவிடுங்கள். தண்டு முறியும் இயல்புடையது, பூத்த கிளையின் கனமும் சேர்ந்தால் கவையிலேயே பிளந்துவிடும். குச்சி நட்டு, கவைக்குக் கீழே தளர்வாகக் கட்டுங்கள்.

* * *

பூச்சிகளில் செஞ்சிலந்தியும் வெள்ளை ஈயும் எல்லோருக்கும் தெரிந்தவை. செஞ்சிலந்திக்கு, இலையின் அடிப்பக்கம் படும்படி 2, 3 நாளுக்கு ஒருமுறை தண்ணீரைப் பீய்ச்சுவதே பாதி வைத்தியம். வேப்ப எண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரைய 1 மில்லி திரவ சோப்பு, சூரியன் இறங்கிய பிறகு. வெயிலில் அடித்தால் இலை வெந்துவிடும்.

பலரைக் குழப்புவது வேறொன்று. நுனிக்கொழுந்து சுருண்டு, இலைகள் குறுகித் தடித்து, தொட்டால் ஒடிவதுபோல் இருந்தால் வைரஸ் என்று சொல்லிச் செடியையே எறிந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது அகலச் சிலந்தி என்னும் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன். 20 மடங்கு பெருக்கும் லென்ஸில் கொழுந்தின் அடியைப் பார்த்தால் தெரியும். இலையின் அடிப்பக்கம் வெண்கல நிறத்தில் மினுமினுக்கும். பாதித்த கொழுந்துகளைக் கிள்ளிப் பையில் கட்டி அகற்றிவிட்டு, நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து வாரம் ஒருமுறை, மூன்று முறை தெளியுங்கள். வெப்பம் 30 டிகிரிக்கு மேல் போகும் நாளில் வேண்டாம். எண்ணெய் தெளித்த 2 வாரத்துக்குள்ளும் கந்தகம் வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் இலை கருகும். சாதாரணப் பூச்சிமருந்து பேனைக் கொல்லாது, பேனைத் தின்னும் நல்ல பூச்சிகளைத்தான் கொல்லும்.

உண்மையான வைரஸில் இலையின் வடிவத்தை விட நிறமே முதலில் மாறும். வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாகத் தேமல் படரும், பூவில் நிறக்கோடுகள் சிதறும். கொலம்பிய டத்துரா வைரஸ் அசுவினி மூலமும் வெட்டுக் கத்தி மூலமும் பரவுகிறது. இதற்கு மருந்து கிடையாது. ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் இடையில் கத்தியை, 1 பங்கு ப்ளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் முக்குங்கள். புகையிலை தொட்ட கையைக் கழுவாமல் செடியைத் தொடாதீர்கள், புகையிலைத் தேமல் வைரஸ் அப்படியே ஒட்டிக்கொள்ளும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: உருளைக்கிழங்கைத் தாக்கும் கதிர்க்கிழங்கு வைராய்டு என்னும், வைரஸை விடச் சிறிய நோய்க்கிருமி, மர ஊமத்தையில் எந்த அடையாளமும் காட்டாமல் குடியிருக்கும். தக்காளி, உருளை, மிளகாய் பாத்திகளுக்குப் பக்கத்தில் இதை நடாதீர்கள், ஒரே கத்தியையும் பயன்படுத்தாதீர்கள்.

* * *

நஞ்சைப் பற்றிப் பேசாமல் இந்தச் செடியைப் பற்றிப் பேசக் கூடாது. வேர் முதல் விதை வரை, பூந்தேன் உட்பட, எல்லாப் பாகத்திலும் ஸ்கோபோலமின், ஹையோசயமின், அட்ரோபின் உள்ளன. ஒரே செடியிலேயே இலைக்கு இலை அளவு மாறும், ஆகவே பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. வாய் வறட்சி, முகம் சிவத்தல், நெஞ்சுப் படபடப்பு, சிறுநீர் இறங்காமை, பிதற்றல், இல்லாததைக் காண்பது ஆகியவை அறிகுறிகள். வாந்தி எடுக்க வைக்கவோ வீட்டு வைத்தியம் பார்க்கவோ நேரம் செலவிடாமல், செடியின் ஒரு துண்டோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கவாத்து செய்பவர்களுக்கு நேரும் ஆபத்து வேறு வகை. சாறு பட்ட விரலால் கண்ணைத் தேய்த்தால் அந்தக் கண்ணின் பாவை மட்டும் விரிந்து, பார்வை மங்கி, ஓரிரு நாளோ அதற்கு மேலோ அப்படியே நிற்கும். ஒரு பாவை மட்டும் விரிவது மூளைப் பாதிப்பின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும் என்பதால், மருத்துவரிடம் செடியின் பெயரை முதலில் சொல்லுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வெட்டுங்கள். வெட்டிய கிளைகளை ஆடு மாடு எட்டும் இடத்தில் போடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம்.

* * *

நிமிர்ந்து பூக்கும் ஊமத்தைக்கு இவ்வளவு பாடு இல்லை. விதையை 24 மணி நேரம் ஊறவைத்து, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்தால் 1 முதல் 3 வாரத்தில் முளைக்கும். ஆணிவேர் உடையது, ஆகவே 4 இலைப் பருவத்திலேயே நிலையான இடத்துக்கு மாற்றிவிடுங்கள், பிறகு பெயர்த்தால் முடங்கும். முழு வெயில் வேண்டும். அடுக்குப் பூக்கொண்ட கருஊமத்தையைத் தொட்டியில் வைப்பவர்கள் வாடிய பூவைச் சூலோடு கிள்ளிவிட்டால் பூ தொடரும். காயை முற்றவிட்டால் பூப்பது குறைவதோடு, வெடித்த விதைகள் தோட்டம் முழுக்க முளைத்து நிற்கும்.

* * *

கொடி வேண்டுபவர்களுக்கு இதே குடும்பத்துச் சொலாண்ட்ரா உண்டு, பொற்கிண்ணம் போன்ற மஞ்சள் பூ. இதற்கு மர ஊமத்தைக்கு நேர்மாறான பக்குவம். தண்ணீரும் உரமும் தாராளமாகக் கொடுத்தால் பந்தலை மூடும், பூக்காது. நீளக் கொடி வந்தபின் இலை லேசாக வாடும் வரை தண்ணீரைக் குறைத்தால் மொட்டு வைக்கும்.

* * *

மர ஊமத்தையில் எந்த வகையைத் தேர்வது என்று இதுவரை சொல்லவில்லை. சுவாவியோலென்ஸ், வெர்சிகலர், ஆரியா, இன்சிக்னிஸ், இவற்றின் கலப்புகள் வெதுவெதுப்பான இடத்துக்கு. சாங்குனியா, ஆர்போரியா, வல்கனிகோலா மூன்றும் ஆண்டீஸ் மலை உயரத்துக் குளிருக்குப் பழகியவை, இரவு குளிராத இடத்தில் இலையோடு நின்றுவிடும். சிவப்பு நிறத்துக்கு ஆசைப்பட்டு சாங்குனியாவை வெப்பமான சமவெளிக்கு வாங்குவது வீண், அதற்கு மணமும் கிடையாது. அதை மகரந்தச் சேர்க்கை செய்வது பகலில் வரும் ஹம்மிங் பறவை. மற்றவற்றில் பெரும்பாலானவை இரவு அந்துப்பூச்சிக்காகப் பொழுது சாய்ந்ததும் மணக்கின்றன. மணம் வேண்டுபவர்கள் சுவாவியோலென்ஸை நடலாம், அதிகம் பாடுபடுத்தாத வகையும் அதுதான்.

விதை எடுக்க நினைப்பவர்கள் கவனிக்க: இவற்றில் பெரும்பாலானவை தன் மகரந்தத்தை ஏற்காது, ஒரே தாய்ச்செடியின் போத்துகள் பத்து இருந்தாலும் காய் பிடிக்காது. வேறு வகையின் மகரந்தத்தை, மாலையில் பூ விரிந்ததும் சூல்முடியில் தடவி, நூல் கட்டி அடையாளம் வையுங்கள். காய் முற்ற மாதக்கணக்கில் ஆகும். சுவாவியோலென்ஸ் விதையின் மேலே தக்கைபோன்ற தடித்த உறை இருக்கும். ஒரு நாள் ஊறவைத்து, கையுறையோடு அந்த உறையை உரித்துவிட்டு விதைத்தால் முளைப்பு சீராக வரும், பூஞ்சையும் பிடிக்காது.