படுவான்கரையில் பெரியவர்களுக்கு எழுத்துப் பழக்கிய கதை: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரைதான் படுவான்கரை. அங்கே வெல்லாவெளிப் பக்கம் பெரியவர்களுக்கு எழுத வாசிக்கப் பழக்கும் சின்னக் குழு ஒன்றில் நான் இருக்கிறேன். பதிவும் இல்லை, பதாகையும் இல்லை. ஐந்தாறு பேர், ஒரு பாலர் பாடசாலைக் கட்டடம், பின்னேரம் நாலரை மணி, அவ்வளவுதான். இது எப்படித் தொடங்கியது என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். இதே வேலை செய்தவர்களும் இப்படிப் படித்தவர்களும் தொடர்ந்து எழுதுங்கள்.

2007 மார்ச்சில் சண்டை வந்து படுவான்கரைச் சனம் வாவியின் மறுகரைக்கு இடம்பெயர்ந்தது. நாங்கள் பட்டிருப்புப் பாலத்தால் நடந்துபோய்க் களுவாஞ்சிக்குடிப் பக்கத்து முகாமில் இருந்தோம். உயர்தரம் எழுதியிருந்த என்னிடம், படிவம் நிரப்ப ஒவ்வொரு நாளும் வரிசை நிற்கும். ஒரு அம்மா நான்காவது முறை வந்தபோது படிவத்தை நீட்டவில்லை. "புள்ள, நீ எழுதித் தாறது காணும். என்ட பேரை எப்பிடி எழுதுறதெண்டு காட்டித் தாகா" என்றார். கூடாரத்துக்கு வெளியே மணலில் அவருடைய விரலைப் பிடித்து எழுதினோம். விஜயதசமிக்குச் சின்னப் பிள்ளைகளுக்கு அரிசியில் ஏடு தொடக்குவோமே, அதே மாதிரி. அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. அடுத்த நாள் இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு முறையான வகுப்பாக நடத்தப் பார்த்தோம். ஓராம் ஆண்டுப் புத்தகத்தை வைத்து அம்மா, ஆடு, இலை என்று தொடங்கினோம். ஒரு மாதத்தில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். பெரும்போக வெட்டு வந்ததும் மீதிப் பேரும் வரவில்லை. வயல்வேலையால்தான் வரவில்லை என்று நினைத்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், எங்கள் எல்லாருக்கும் அவர் சேர்தான், ஒரு நாள் வந்து பின்வரிசையில் இருந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேரப்பிள்ளை படிக்கிற பாட்டைப் பாடச் சொன்னால் வெட்கப்படாமல் என்ன செய்வார்கள்? எதை வாசிக்க ஆசை என்று முதலில் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்."

கேட்டோம். பஸ் போர்டு என்றார் ஒருவர். கல்முனையும் களுவாஞ்சிக்குடியும் 'க'வில்தான் தொடங்குகின்றன, நடத்துனர் கத்தும் வரைக்கும் அவருக்கு எந்த பஸ் என்று தெரியாது. பாஸ்போர்ட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார் வெளிநாட்டுக்குப் போக இருந்த ஒருவர். 1978 சூறாவளி, 90ஆம் ஆண்டு இடப்பெயர்வு, அம்மா மத்திய கிழக்குக்குப் போக வீட்டில் நின்ற மூத்த மகள்: ஆளுக்கொரு காரணத்தால் பள்ளிக்கூடம் விட்டவர்கள் இவர்கள். இலங்கையில் 100க்கு 90 பேருக்கு மேல் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் என்பது பெருமைதான். ஆனால் அதனாலேயே தெரியாத மிச்சப் பேர் இன்னும் ஆழமாக ஒளித்துக்கொள்கிறார்கள் என்று நான் நம்புகிறேன். "கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன், நீங்களே வாசிங்க" என்பதை எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன்!

கண்ணாடி என்றதும் இதையும் சொல்ல வேண்டும். ஒரு பெத்தா (பாட்டி) ஆறு மாதமாக 'ப'வையும் 'ம'வையும் மாறி மாறிச் சொன்னார். மறதி என்று முடிவுகட்டியிருந்தோம். ஒரு நாள் பக்கத்திலிருந்தவரின் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள இவ்வளவு கோடு இருக்கா மனே?" என்று கேட்டார். அன்றிலிருந்து யார் புதிதாக வந்தாலும் முதலில் கண்ணைப் பார்க்கிறோம்.

என் மனதை விட்டுப் போகாதது ஒரு கடன் தாள். ஒரு அக்கா அதை ஷொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு வந்தார். நுண்கடன் நிறுவனம் ஒன்று வீட்டுக்கே வந்து கொடுத்த தாள். தன் கடனுக்கு என்று நினைத்துத்தான் கைநாட்டு வைத்திருக்கிறார். அது இன்னொருவரின் கடனுக்குப் பிணை. கிழமைக்குக் கிழமை காசு கேட்டு வாசலில் வந்து நின்ற பிறகுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. "இதையே எனக்கு வாசிக்கப் பழக்கு" என்றார்.

அந்தத் தாள்தான் அவருடைய புத்தகம். 'வட்டி'யில் தொடங்கினோம். 'ட்டி' பிடிபட்டதும் சட்டி, முட்டி, பெட்டி என்று அவரே அடுக்கினார், வீட்டிலுள்ள சாமான் முழுக்க அதற்குள் இருந்தது. 'பிணை'யிலிருந்து அணை, துணை. மூன்று மாதத்தில் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, ஒரு பக்கம் வாசித்தார். அப்புறம் ஒரு நாள் அதே ஆட்கள் புதுத் தாளோடு வந்தபோது, "கொஞ்சம் பொறுங்க தம்பி, வாசிச்சிட்டுத் தாறன்" என்று திண்ணையில் இருத்தியிருக்கிறார். இருபது நிமிடம். பிணையாளி என்ற சொல்லில் விரல் நின்றது. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது எங்கள் வகுப்பில் இரண்டு பேருக்குப் பழக்குபவரே அவர்தான்.

1930களில் பிலிப்பைன்ஸின் மிந்தனாவோ தீவில் பிராங்க் லோபக் என்ற பாதிரியார் இதைத்தான் செய்தார் என்று சேர் சொல்வார். ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லாமல் போக, படித்த ஒவ்வொருவரும் இன்னொருவருக்குப் படிப்பிக்க வேண்டும் என்று அங்கத்தைய மரனாவோ மக்களின் தலைவர் ஒருவர் பிடிவாதமாக நின்றாராம். எங்களிடமும் காசு இல்லை. எங்களை இவ்வளவு காலம் கொண்டுவந்ததும் அந்த வழிதான்.

*

கல்முனையிலிருந்து:

எங்கள் வாப்பா கடல் தொழில். போனில் யார் எடுக்கிறார்கள் என்று தெரியாமல், வருகிற அழைப்புக்கெல்லாம் "ஆரு?" என்பார். பெயர்களுக்குப் பதில் படம் போட்டுக் கொடுத்தோம், அவருக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் ஆறு பேரின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். இரவில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பழகியிருக்கிறார். ஒரு நாள் அழைத்தபோது, எடுத்தவுடனே என் பெயரைச் சொன்னார். எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

*

திருக்கோவிலிலிருந்து:

நான் பெரிய ஆளான பிறகு படித்தவள். இதை நானே எழுதினேன், மகள் பிழை பார்த்தாள். குருமண்வெளியில் என் மச்சாள் இருக்கிறா. அவவுக்கும் ஆசை, ஆனால் ஊருக்குள்ளே படிக்க வெட்கம் என்கிறா. பாதையில், அதுதான் வாவியைக் கடக்கிற படகில், ஏறி மண்டூர்ப் பக்கம் வந்தால் தெரிந்தவர்கள் பார்க்கமாட்டார்கள்தானே. எந்த நாள் வகுப்பு?

*

முதலில் எழுதியவர்:

செவ்வாயும் வியாழனும், அக்கா. மழைக்குப் பாதை ஓடாத நாளில் வர வேண்டாம். என்ன வாசிக்க ஆசை என்று மட்டும் யோசித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். கண்ணாடி இருந்தால் அதையும் கொண்டுவரட்டும், இல்லாவிட்டால் வகுப்பில் இரண்டு மூன்று வைத்திருக்கிறோம்.