புதுப்பிப்பு: மாவடுவில் உப்பு அளவும் வெள்ளைப் படலமும்

முன்பு எழுதிய மாவடுக் குறிப்பில் ஒரு கிலோ வடுவுக்கு (பிஞ்சு மாங்காய்க்கு) 150 கிராம் கல்லுப்பு என்றிருந்தது. திருத்திக்கொள்ளுங்கள்: 200 கிராம். வருஷம் முழுக்க வெளியில் வைக்க 150 போதாது. டம்ளரால் அளக்காமல் எடை போடுங்கள். அதே டம்ளரில் கல்லுப்பைவிடத் தூள் உப்பு கூடுதலாகப் பிடிக்கும்.

ஊறும் மாவடுவின் மேலே வெள்ளைப் படலம் ஏன் வருகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். மேலே மிதக்கும் வடுவில் காற்றுப் படுவதால் வருவது அது. வடு சுருங்கித் தன் தண்ணீரிலேயே மூழ்கும் வரை, நாலைந்து நாள், காலையும் மாலையும் ஜாடியைக் குலுக்கியே ஆகவேண்டும். படலம் மெல்லியதாக, புளித்த வாசனை மட்டும் வந்தால் வழித்தெடுங்கள். உப்புத் தண்ணீரை வடித்துக் கொதிக்கவிட்டு, முழுக்க ஆறியபின் ஊற்றுங்கள். சூடாக ஊற்றினால் வடு வெந்து நொறுநொறுப்புப் போய்விடும். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சுபோல் பூத்திருந்தால் தயங்காமல் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

கொழகொழத்துப் போவதற்குப் பெரும்பாலும் அடிபட்ட வடுதான் காரணம். உதிர்ந்ததை வாங்காதீர்கள், பறித்ததாகப் பார்த்து வாங்கி, காம்பை அரை அங்குலம் விட்டு நறுக்குங்கள். கழுவி, ஈரம் போக நிழலில் உலர்த்தி, ஒரு மேசைக்கரண்டி விளக்கெண்ணெயில் புரட்டியபிறகே உப்பு. கடுகுப்பொடி, மிளகாய்த்தூள் எல்லாம் வடு சுருங்கியபின்.